பின் சக்கரத்தடியில் ஈரம்

அம்மா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கண்தான் முன்னைவிட மங்கல். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்கே தெரியும். அந்தப் பக்கம் இருப்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தாலே என் வாய் தானாக மூடிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடுவேன். நீயும் பாதியில் "சரிம்மா, வச்சிடுறேன்" என்று சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அதைப் பற்றித்தான். அடுத்த மாதம் விக்கிரமங்கலத்தில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கச் சென்னையிலிருந்து கயலைக் கூட்டிக்கொண்டு புது வண்டியிலேயே வருவதாகச் சொன்னாய். யாரோ ஓட்டிய பழைய கார்தான், ஆனால் உனக்கு அது புது வண்டி. எனக்கும் சந்தோஷம். அப்போது பின்னால் கயலின் குரல் கேட்டது. "கீழ ஈரமா இருக்குன்னு அத்தைகிட்ட சொல்லுங்களேன்." நீ சிரித்துக்கொண்டே, "அவளுக்கு வேற வேலை இல்லம்மா, ஏசி தண்ணியப் பாத்துட்டு வண்டி ஒழுகுதுங்கறா" என்றாய். நான்தான் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். எந்த இடத்தில் ஈரம் என்று கேட்டேன். "பின்னாடி சக்கரத்துக்கிட்டங்க அத்தை, இடது பக்கம். நேத்து பூரா வண்டிய எடுக்கவே இல்லைங்க." தொட்டுப் பார்த்தாயா என்றேன். "தொட்டேங்க. வழவழன்னு இருந்துச்சு." அதைச் சொல்லும்போது ஏதோ தப்புச் செய்தவள் போல அவள் குரல் இறங்கிவிட்டது. நீ போனை வாங்கிக்கொண்டாய்.

வண்டியைத் தொடாதே என்று அப்போதே சொன்னேன். "சரிம்மா, பாத்துக்கறேன்" என்றாய். அந்தச் 'சரிம்மா' எனக்குப் பழக்கம். மழைக்காலத்தில் குடையை எடுத்துக்கொண்டு போடா என்றால் வருகிற அதே சரிம்மா. நீ ஆபீசுக்கு ரயிலில் போகிறாய், வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுக்கிறாய் என்பதால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன். முழுதாகப் படி. படித்துவிட்டு அந்த ஈரத்தைக் குனிந்து பார்.

ஏசி தண்ணீர் முன்பக்கம்தான் சொட்டும், டாஷ்போர்டுக்குக் கீழே. அதுவும் ஏசி ஓடினால்தான். ஒரு நாள் முழுக்க எடுக்காத வண்டியின் பின் சக்கரத்தில் ஏசி தண்ணீருக்கு என்ன வேலை? தண்ணீர் வழவழவென்றும் இருக்காது. விரலில் தேய்த்தால் காய்ந்து போய்விடும். உன் பெண்டாட்டி இடத்தையும் சொல்லிவிட்டாள், தன்மையையும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை நீ காதில் வாங்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, கண்ணு. உன் அப்பாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார். பக்கத்தில் கட்டிலில்தான் படுத்திருக்கிறார், எழுதுவதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஆமா, எழுது எழுது, மானத்த வாங்கு" என்கிறார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம். அப்போது அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டுவார். வீட்டில் அவரும் அவருடைய அக்காவும்தான். உன் பெரியத்தையைத்தான் சொல்கிறேன். நான் அவர்களை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே வீட்டுக்காரரைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து இருந்தவர்கள். தம்பியை வளர்த்ததும் அவர்கள்தான், அந்த வண்டியை வாங்கக் கழுத்தில் இருந்ததைக் கொடுத்ததும் அவர்கள்தான். அதனால் வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது. பேசத் தெரியாதவளுக்குச் சட்டம் இருக்கிற வீடு நல்லது, சொன்னதைச் செய்துவிட்டுப் போகலாம்.

அண்ணியின் முதல் சட்டம் வாசல். பொழுது விடிவதற்குள் சாணி தெளித்துக் கூட்டிக் கோலம் போட்டிருக்க வேண்டும். அவர்கள் கோலம் போட மாட்டார்கள். அந்தக் காலத்துப் பழக்கம் அப்படி, அதனால் அந்த வேலை என்னுடையது. ராத்திரி வண்டி வாசலில்தான் நிற்கும். தெளிக்காத வாசலில் வண்டி நிற்கக்கூடாது என்பதால் உன் அப்பா இருட்டோடு எழுந்து, சவாரி இருந்தால் கிளம்பிவிடுவார், இல்லாவிட்டால் வண்டியை எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் கொண்டுபோய் விடுவார். வண்டி நகர்ந்ததும் நான் வாளியோடு இறங்குவேன். இதை நன்றாகக் கவனி. வண்டி இரவு முழுக்க நின்ற தரையை வெளிச்சத்தில், காய்ந்தபடியே, அந்த வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை. வண்டி போன நிமிஷமே நான் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிடுவேன்.

அந்த வருஷம் கார்த்திகை வாக்கில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று உன் அப்பா சொல்ல ஆரம்பித்தார். ஒரு மிதிக்குப் பிடிக்காது, இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் குறைந்திருக்கும். ஊற்றுவார், நான்கு நாளில் மறுபடியும் குறையும். சீட்டுக்கடியில் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டே ஓட்டினார். பட்டறையில் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்களாம். ஆயில் ஒழுகினால் தரையில் கறை இருக்க வேண்டுமே என்று இவரும் பார்த்திருக்கிறார். வாசலில் ஒரே ஒரு கறைதான் உண்டு. இன்ஜினுக்கு நேர் கீழே, நான் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு வட்டம். அது இன்ஜின் ஆயில். வேறு கறை இல்லை, அதனால் வேறு ஒழுகல் இல்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். ஆணியடித்த மாதிரி இருக்கும் அவர் முடிவுகள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற நாட்களில் வண்டியைக் கோலத்தின் மேலேயே நிறுத்துவார். ஒரு நாள் அவர் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தைக் கிளறிவிட வாசலுக்கு வந்தேன். கோலத்தின் ஒரு மூலையில் மாவு கட்டியாகிப் போயிருந்தது. தண்ணீர் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் அப்படியே ஈரமாக இருக்கிறது. பக்கத்தில் நான் சிந்திய தண்ணீர் வெயிலில் எப்போதோ காய்ந்துவிட்டது. இது மட்டும் காயவில்லை. கிள்ளி எடுத்து விரலில் தேய்த்தேன். வழவழவென்றது. டீசல் வாடையும் இல்லை, கறுப்பும் இல்லை. விரலைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். எண்ணெயாக இருந்தால் மேலே வர்ணம் வர்ணமாகப் படலம் மிதக்கும், உனக்குத் தெரியுமே. ஒன்றும் மிதக்கவில்லை. தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து போய்விட்டது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. தினமும் காலையில் நான் ஊற்றுகிற சாணித் தண்ணீரில் இதுவும் இப்படித்தான் கரைந்து போயிருக்கிறது.

சொல்ல வேண்டியதுதானே என்று உனக்குத் தோன்றும். அன்று சாயங்காலமே சொல்லத்தான் போனேன். அவரோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் செல்வராசு அண்ணனும் வந்திருந்தார். காபியை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"என்னங்க..."

"என்ன?"

"வண்டில..."

"வண்டில என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க."

செல்வராசு அண்ணன் சத்தமாகச் சிரித்தார். "புதுப்பொண்ணுக்கு வண்டில ஒரு ரவுண்டு போவணுமாம், இதுகூடப் புரியலையாடா உனக்கு?" உன் அப்பாவும் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளே போய்விட்டேன். அவர்கள் மறுநாள் சவாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். குன்னத்திலிருந்து ஒரு வெங்காய வியாபாரியின் குடும்பம், குழந்தை குட்டிகளோடு, கொல்லிமலைக்கு. விடிந்ததும் குன்னத்தில் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். மலையில் எத்தனை வளைவு, இறங்கும்போது எந்தக் கியரில் இறங்கினால் பிரேக்குக்குச் சிரமம் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் படுக்கப் போனபோது மறுபடி ஆரம்பித்தேன். "காலைல பேசிக்கலாம், வெள்ளன எந்திரிக்கணும்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் நான் முதலில் எழுந்தேன். அவர் சாவியைத் தேடினார், காணோம். என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். வெளிச்சம் வரட்டும் என்றுதான். வாளியை நிரப்பவில்லை, சாணி கரைக்கவில்லை. நடையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அலமாரியையும் சட்டையையும் துழாவிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே வெளுத்துவிட்டது. அண்ணி எழுந்து வந்தார்கள். வாசல் காய்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அப்புறம் வந்தது பார், அந்தக் குரல்.

"ஏ புள்ள! வாசல் ஏன் இப்புடிக் கெடக்கு? வூட்டுல எழவா வுழுந்துருக்கு? வண்டி மலைக்குப் போற நாளு, வாசத் தெளிக்காம குந்தியிருக்கியே!"

அவர்கள் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் வாழப்போன வீட்டு வாசல் தெளிக்காமல் கிடந்தது, அவர்கள் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து கிடத்திய அன்றைக்கு. அவர்கள் கண்ணில் அந்த நாள் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய் வண்டியின் இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினேன்.

உன் அப்பா வந்து குனிந்தார். காய்ந்த தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். டயரின் உள்பக்கம் மேலிருந்து கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். "தண்ணியா இருக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன். முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன். அவர் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க உக்காந்து பிரேக்க மிதிங்க. நான் இங்கேருந்து பாக்குறேன்" என்றேன். கல்யாணமாகி அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் ஏறி உட்கார்ந்தார். நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். அவர் மிதித்ததும் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற தகட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டது. காலை எடுத்ததும் நின்றது. "மறுபடி மிதிங்க" என்றேன். திரண்டு விழுந்தது. "இன்னொரு தடவ" என்றேன். "கேக்கல!" என்றார். "மிதிங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இன்னும் ஒரு தடவ! நல்லா அழுத்துங்க!" எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே, "என்னப்பா, டிரைவருக்கே டிரைவிங் கிளாஸா?" என்றார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார். அதற்கு அடுத்த மிதிக்குச் சொட்டு இல்லை. சளக்கென்று ஒரு தாரை வந்து என் கையில் அடித்தது. மேலே பொத்தென்று ஒரு சத்தம். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார், பெடலில் ஒன்றுமே இல்லை. அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர், ஓரிடத்தில் போனால் எல்லாமே போச்சு. அது வாசலில் போயிற்று. கொல்லிமலை இறக்கத்தில் போயிருந்தால் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணி மட்டும் அவர் பக்கத்தில் போய், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எறங்குடா... எறங்கி வாடா" என்று மெதுவாகச் சொன்னார்கள். அதட்டுகிறவர்களின் குரல் மெதுவாக வந்தால் மனசுக்கு என்னவோ செய்கிறது. அவர் இறங்கினார். குன்னத்துக்காரர்களைச் செல்வராசு அண்ணன் தன் வண்டியில் கூட்டிப்போனார். முந்தின நாள் சிரித்ததற்கு அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மலையிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அன்றைக்கே அப்பா சக்கரத்தைக் கழற்றினார். இங்கே அப்பா குறுக்கிடுகிறார். "ஜாக்கிய நம்பி ஒரு நாளும் வண்டிக்கு அடியில போவாதன்னு எழுது. பெரிய எழுத்துல எழுது." எழுதிவிட்டேன். மட்டமான தரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தூக்கிய வண்டிக்குக் கீழே கனமான கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகுதான் கையையே நீட்ட வேண்டும். சும்மா பார்ப்பதற்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம், பக்கவாட்டில் படுத்து டார்ச் அடித்தால் டயரின் உள்பக்கம் தெரியும். அவர் பிரேக்கை மூடியிருக்கிற டிரம்மைக் கழற்றியதும் உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளுகிற சின்ன சிலிண்டர் ஒன்று இருக்கும், அதன் ரப்பர் கப் கிழிந்து கிடந்தது. விரல் நுனி அளவுதான் இருக்கும் அந்த ரப்பர். நான்கு சக்கரத்துக்கும் புதிதாக வாங்கி மாற்றினார்.

மாற்றினால் மட்டும் போதாது. திறந்த குழாயில் காற்று புகுந்திருக்கும், அதை எடுக்காவிட்டால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். அதை எடுக்க ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தின் பின்னால் இருக்கிற சின்ன திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். முந்திவிட்டால் வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். நான் அதுவரை அந்தப் பக்கம் ஏறியதே இல்லை. "மிதி" என்பார். மிதிப்பேன். "புடிச்சிருக்கியா?" என்பார். புடிச்சிருக்கேங்க என்பேன், எனக்குள்ளேயே. அவருக்குக் கேட்காது. கேட்கவில்லை என்று அவர் எழுந்து பார்க்க, நான் பயந்து காலை எடுத்துவிட, எல்லாம் முதலிலிருந்து. கடைசியில் கத்திவிட்டார். "வாயத் தொறந்து சொல்லு புள்ள! நீ பேசாட்டி காத்து உள்ள போவுது!" நடையில் உட்கார்ந்திருந்த அண்ணி சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரு முனைவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "புடிச்சிருக்கேன்!" "விடட்டுமா?" "விடு!" சாயங்காலம் வரைக்கும் இதுதான் பேச்சு. நான் உன் அப்பாவோடு வாழ ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் என்ன ஒழுகினாலும் நாங்கள் இரண்டு பேரும்தான் கண்டுபிடிப்போம். உனக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் அபார்ட்மெண்டில் சாணித் தரை இல்லை, பரவாயில்லை. பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, ராத்திரி வண்டி நிறுத்தியதும் அடியில் தள்ளிவிடு. எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று அட்டையில் எழுதிவை. காலையில் எடுத்து வெளிச்சத்தில் பார். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து, இன்ஜினுக்குக் கீழே என்றால் இன்ஜின் ஆயில். பெரும்பாலும் அடியில் ஆயிலை இறக்கும் போல்ட்டோ, பேக்கிங்கோ, ஃபில்டரோ லூஸாக இருக்கும். கெட்டியாக, மூக்கைத் துளைக்கிற வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ நீர்த்து, இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் தண்ணீர், ஹோஸையும் அதன் கிளிப்பையும் பார். அதை நாக்கில் வைத்துப் பார்க்கிற புத்திசாலிகள் உண்டு, அது விஷம், நாய் பூனை நக்காமலும் பார்த்துக்கொள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே செய்யாதே. சக்கரத்துக்கு நேராக, நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ, வழவழவென்று, காயாமல் இருந்தால் அது பிரேக் ஆயில். கை பட்டால் கழுவிவிடு, பெயிண்டில் பட்டால் பெயிண்டே உரிந்து வந்துவிடும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் அந்த இடத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, காயவிட்டு, மறுபடி பார். ஒழுகுகிற இடத்துக்குக் கீழேதான் சொட்டும் என்று இல்லை, மேலே ஒழுகி எங்கெங்கோ ஓடிவந்து வேறு இடத்தில் சொட்டும். துடைத்த பிறகு எந்த இடம் முதலில் நனைகிறதோ அதுதான் இடம்.

தெரிந்தவரும் தவறுவார் என்பதற்கு உன் அப்பாவின் மணிக்கட்டைப் பார். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய், புலி கடித்தது என்று அவர் சொல்வார். புலி இல்லை, ரேடியேட்டர். நீ ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. எறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் கொதித்துவிட்டது. ஹோஸில் விரிசல் விட்டு ஆவி பறந்தது. "ஆறட்டும், மூடியத் தொடாதீங்க" என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். "எனக்குத் தெரியும் போ" என்று ஈரத்துணியைப் போட்டுத் திருகினார், கொதிநீர் மணிக்கட்டில் பீறிட்டு அடித்தது. நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீறிட்டாய், நினைவிருக்கிறதா? அப்புறம் கரும்புக்காட்டு மோட்டார் கொட்டகையில் கையை நனைத்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நான்தான் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து ஹோஸில் இறுக்கிச் சுற்றினேன். அதோடு வீடு வந்து சேர்ந்தோம். "அதையும் எழுதிட்டியா?" என்கிறார். எழுதிவிட்டேன். "சரி, சூடா இருக்கறப்ப மூடியத் தொறக்காதன்னும் எழுது" என்கிறார். இப்போது என் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, நான் எழுதினேனா இல்லையா என்று என் குரலை வைத்துத்தான் நம்ப வேண்டும். நீ வாங்கிய வண்டியைத் தானே வந்து பார்க்க முடியவில்லையே என்று அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம். கண் நன்றாக இருந்திருந்தால் ராத்திரி பஸ்ஸிலேயே ஏறியிருப்பார்.

உன் பெரியத்தை கடைசிவரைக்கும் வாசல் சட்டத்தை விடவில்லை. ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு ஒன்று மாறியது. வெளிச்சம் வருவதற்கு முன்னால் வாளியை என் கையில் கொடுக்க மாட்டார்கள். வாளியைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றுகொள்வார்கள். "அடியில பாத்தாச்சா?" என்பார்கள். பார்த்தாச்சு அண்ணி என்று நான் சொன்ன பிறகுதான் கொடுப்பார்கள். நாங்கள் வண்டியை விற்ற பிறகும் கொஞ்ச காலம் பழக்கத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் நினைவு வந்து, "ம், தெளி தெளி" என்பார்கள். அன்று திட்டியதைப் பற்றி அவர்கள் என்னிடம் பேசியதே இல்லை. பேச வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திய இடத்திலேயே வைத்து, சக்கரங்களுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல், பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்றும் பார். ஒழுகல் பிரேக்கில்தான் என்று தெரிந்தால், உன் வண்டி அப்பாவின் பழைய அம்பாசிடர் இல்லை, நீயே பிரித்துக்கொண்டு உட்காராதே. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல், வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதே. எந்தச் சக்கரம் என்று சொல்லிக் காட்டு, பழசுன்னா குடிக்கும் என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பார். சரியாகாவிட்டால் பொங்கலுக்குப் பஸ்ஸில் வாருங்கள். குலசாமிக்கு நீங்கள் வருவதுதான் கணக்கு, எதில் வருகிறீர்கள் என்று சாமி பார்க்காது.

கடைசியாக ஒன்று. கயலை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீ கீழே படுக்கலாம் என்று நினைப்பாய், அப்படிச் செய்யாதே. நீ மேலே உட்கார்ந்து மிதி. ஈரத்தை முதலில் பார்த்தவள் அவள், அவளே கீழே பார்க்கட்டும். அவள் மெதுவாகத்தான் சொல்வாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, காதைக் கொடு. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல், அவள் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். அவள் விடு என்று சொல்லும்வரை காலை எடுக்காதே.